ஆயரின் பற்களுக்கு வந்த முறைப்பாடு

‘ஆயரின் பற்கள்’ என்ற போர்த்துக்கேய பங்க் இசைக்குழு இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்ததற்கு ஒரே காரணம்தான். சொந்த நாட்டில் அவர்கள்மேல் கோபப்பட ஒருவரும் மிச்சம் இருக்கவில்லை.

குழுவில் மூன்று பேர். பாடுபவர் செஃபெரினோ. கிற்றார் வாசிப்பவர் பௌஸ்தா என்ற பெண். ட்ரம்ஸ் அடிப்பவர் அதெரித்து. லிஸ்பனுக்குத் தெற்கே ஓர் ஆற்றங்கரை ஊரில், போத்தல் தக்கை செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டு மண்டபத்தில், எண்பத்தாறாம் ஆண்டு தொடங்கினார்கள். முதற்பாட்டு அந்த மறைமாவட்டத்து ஆயரின் பற்களைப் பற்றியது. ஏழைகளின் பாண் துண்டைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த பற்கள் என்று செஃபெரினோ கத்தினார். பங்குக் குருவானவர் அந்தச் சத்தத்தை அடக்க அரை மணி நேரம் கோயில் மணியை அடிக்கச் செய்தார். குழு அந்த மணியோசையையும் சேர்த்துப் பதிந்து முதல் ஒலிநாடாவை வெளியிட்டது. வானொலி அதைத் தடைசெய்தது. பிறகு அதை வாங்காத வாலிபன் அந்த ஊரில் இல்லை.

அன்றிலிருந்து அவர்களுடைய வளர்ச்சி தடைகளாலேயே நடந்தது. தடைக் கடிதத்தை அட்டைப்படமாகப் போட்டு இரண்டாவது தொகுப்பு வந்தது. தேசிய கீதத்தைப் பின்னாலிருந்து முன்னுக்குப் பாடியதற்காக நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார்கள். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாக நீதிபதி சொன்னார். கேட்கவில்லை. இருபது நாள் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தபோது சிறை வாசலில் நாலாயிரம் பேர் நின்றார்கள். “ஆயரின் பற்கள் மன்னிப்புக் கேட்காது” என்பது சுவர்களில் எழுதப்படும் வாசகமாகியது.

பிறகு எல்லாம் கெட்டுப்போயிற்று. கேட்டவர்கள் வளர்ந்து ஆசிரியர்களாகவும் வங்கி முகாமையாளர்களாகவும் ஆனார்கள். ஆயர் பாட்டைப் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் ஆண்டு விழாவில், கையில் பல் துலக்கியோடு, ஆடிக்காட்டினார்கள். புதிய ஆயர், இசைக்குழுவை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துத் தன் பற்களிலும் இரண்டு ஆடுகின்றன என்று அசைத்துக் காட்டினார். கடைசியில் நகரபிதா ஒரு சுற்றுவட்டத்துக்கு அவர்களுடைய பெயரை வைத்தார். திறப்பு விழாவில் செஃபெரினோ ஒலிவாங்கியைப் பிடித்து நகரபிதாவின் தாயைப் பற்றிக் கேவலமாக ஒரு வரி பாடினார். முன்வரிசையில் இருந்த அந்தத் தாய் எழுந்து கை தட்டினார். செஃபெரினோ தங்கள் வான் வண்டிக்குள் போய் அழுதார்.

“பலெர்மோவுக்குப் போவோம். அங்கே முடுக்குக்கு முடுக்கு கோயில். அங்கே கோபம் வராவிட்டால் உலகத்தில் எங்கேயும் வராது” என்றார் பௌஸ்தா.

பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், முன்பு மெத்தை விற்ற கடையை வாடகைக்கு எடுத்தார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாடினார்கள். இறைச்சிக் கடைக்காரர் கதிரை கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து கேட்டார். எதிர்வீட்டு மனிதர், கிற்றாரின் ஒலி மெல்லியதாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்றார். பங்குக் குருவானவரும் ஒருநாள் வந்தார். மூவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். அவர் முழுதும் கேட்டுவிட்டு, கடவுள் இல்லை என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் பலவீனமானவை, இதைவிட நல்ல காரணங்கள் இருக்கின்றன என்று ஒரு தடித்த புத்தகத்தை இரவல் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படி இரண்டு வருடம் போயிற்று. ஒரு வைகாசி மாதத்து மத்தியானம், இரண்டே முக்கால் மணிக்கு, மூன்றாம் மாடியிலிருந்து சறோஜா இறங்கி வந்தார்.

சறோஜாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மன்னார் பேசாலையில் பிறந்தவர். பலெர்மோவுக்கு வந்து இருபத்து மூன்று வருடம். மூன்றாம் மாடியில் தொண்ணூற்றொரு வயதான சிஞ்ஞோரா இஞ்ஞாசியா என்ற அம்மையாரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மருந்து கொடுத்துப் பார்ப்பது அவருடைய வேலை. வீட்டுச் செருப்போடு, ஈரக் கையோடு வந்து கடை வாசலில் நின்றார். இத்தாலியனில் சொன்னார்.

“நிப்பாட்டுங்கோ. அவ இப்பதான் கண்ணயர்ந்தவ.”

அதெரித்துவின் கை அந்தரத்தில் நின்றது. செஃபெரினோ ஒலிவாங்கியை மெல்ல வைத்தார்.

“சிஞ்ஞோரா, நீங்கள் கோபமாக இருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

“ஓம். கோவம்தான்.”

பௌஸ்தா ஓடிப்போய் ஒரு கதிரையைத் துடைத்துக்கொண்டு வந்தார். செஃபெரினோ அவருக்கு முன்னால் குந்தினார். “எந்தச் சொல் உங்களை நோகடித்தது?”

“சொல் ஒண்டும் இல்லை. எனக்குப் போர்த்துக்கேயம் தெரியாது. மேளம்தான்.”

செஃபெரினோவின் முகம் சற்று வாடியது. ஆனாலும் பதினொரு வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் கோபம். “இதை எழுதித் தருவீர்களா?” என்று கெஞ்சும் குரலில் கேட்டார்.

சறோஜாவுக்கு இத்தாலியனில் கதைக்க வருமே தவிர எழுத வராது. தமிழில் எழுதினாலும் பரவாயில்லை என்றார்கள். சிஞ்ஞோரா எழும்ப இன்னும் நேரம் இருந்தது. சுப்பர் மார்க்கெட் விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் அவர் இப்படி எழுதினார்:

“கீழே இருப்பவர்களுக்கு. நீங்கள் செய்வது பாட்டா சண்டையா என்று எனக்குத் தெரியாது. எதுவென்றாலும் இரண்டு மணிக்கும் நாலரைக்கும் இடையில் செய்ய வேண்டாம். சிஞ்ஞோரா நித்திரை. கடவுள் இல்லை என்று பாடுகிறீர்களாம், இறைச்சிக் கடைக்காரர் சொன்னார். எங்கள் ஊருக்குக் கப்பலில் வந்து கடவுள் இருக்கிறார் என்று சொன்னவர்கள் உங்கள் ஆட்கள்தான். அதை நம்பி நாங்கள் பெயரையும் மாற்றினோம். என் கணவரின் குடும்பப் பெயர் குரூஸ். நானூறு வருடம் கழித்து நீங்களே வந்து இல்லை என்கிறீர்கள். ஒரு முடிவுக்கு வாருங்கள். மேளம் அடிப்பவர் மூன்றாவது அடியில் பிந்துகிறார். இப்படிக்கு, சறோஜா, மூன்றாம் மாடி.”

அவருடைய மகள் ஜெனுஷா மருந்துக் கடையில் வேலை செய்பவள். மாலையில் தாயைக் கூட்டிப்போக வந்தபோது கடைக்குள் நின்றபடியே அதை இத்தாலியனில் வாசித்துச் சொன்னாள். ‘ஒரு முடிவுக்கு வாருங்கள்’ என்ற இடம் வந்ததும் செஃபெரினோ சுவரைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருடத்தில் தன்னை ஒருவரும் இவ்வளவு சரியாகத் திட்டியதில்லை என்றார்.

அந்தக் கிழமையே கடிதம் பாட்டாகியது. ஒரு சொல்லையும் மாற்றாமல் செஃபெரினோ தமிழிலேயே பாடினார். ‘சிஞ்ஞோரா நித்திரை’ என்று அவர் அலறும்போது ழகரமோ ளகரமோ குறுக்கே வராதது வசதியாக இருந்தது. முதலில் பலெர்மோத் தமிழ்ப் பிள்ளைகள் அதைக் கைபேசியில் பரப்பினார்கள். பிறகு சிசிலியப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். ஆவணி மாதம் மிலானோவில் இருந்த ஓர் இசை நிறுவனம் அழைத்தது. கத்தானியாவில் மூவாயிரம் பேர் முட்டியை உயர்த்தி, “ஒரு முடிவுக்கு வாருங்கள்” என்று தமிழில் கத்தினார்கள். ஒருவருக்கும் பொருள் தெரியாது. கோபம் மட்டும் தெரிந்தது.

அதன் பிறகு சறோஜாவிடம் அடிக்கடி கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்தார். துளசிச் சட்டியில் அவர்கள் சிகரெட் கட்டையைச் செருகியது பற்றி ஒன்று. கடைச் சுவரில் அவர்கள் தலைகீழாகத் தொங்கவிட்ட சிலுவை மூன்று முறை விழுந்ததைப் பற்றி ஒன்று. “எந்தப் பக்கமாகத் தொங்கவிட்டாலும் இரண்டு அங்குல ஆணி வேண்டும்” என்று அதில் இருந்தது. அந்தப் பாட்டும் நன்றாக ஓடியது.

“நீர் ஏன் அவைக்கு இதெல்லாம் எழுதிக் குடுக்கிறீர்?” என்று கணவர் ஸ்ரனிஸ்லாஸ் கேட்டார்.

“கேக்கினம். குறை இருந்தா எழுதிறன். இல்லாட்டி இல்லை.”

அப்படி இல்லாத காலமும் வந்தது. அவர்கள் நாலரைக்குப் பிறகுதான் பயிற்சி செய்தார்கள். அதெரித்துவின் மூன்றாவது அடியும் திருந்திவிட்டது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் சறோஜாவுக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. மிலானோவிலிருந்து புதிய பாட்டுக் கேட்டார்கள். செஃபெரினோ ஒருநாள் மீன் குடலைக் கொண்டுவந்து மாடிப்படியில் கொட்டினார். சறோஜா வந்து பார்த்தார்.

“வேணுமெண்டு செய்யிறது குறையில்லை. குழப்படி” என்று சொல்லி, தும்புத்தடியையும் வாளியையும் அவருடைய கையில் கொடுத்தார். மூன்று மாடிப் படியையும் அவர் கழுவி முடிக்கும்வரை மேலே நின்று பார்த்தார்.

அப்போதுதான் செஃபெரினோ மொந்தே பெல்லெக்ரினோ மலைக்குப் போகத் தீர்மானித்தார். ஞாயிறு காலைகளில் தமிழர்கள், வேதக்காரரான கிறிஸ்தவர்களும் சைவக்காரரும், பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் குகைக் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறுவார்கள். அவர்களுக்கு நடுவே போய், புனிதையின் முன்னாலேயே நின்று, தன்னுடைய மிகக் கொடிய பாட்டைப் பாடுவது என்பது திட்டம். ஒரு மலை முழுவதும் திரண்டு தங்களை அடிக்கும் என்று அதெரித்துவுக்கு நம்பிக்கை இருந்தது. தலைக்கவசம் கொண்டு வந்தார்.

மலைப்பாதை கல் பாவியது, செங்குத்தானது. மூவருக்கும் அறுபது வயது. மின்கலத்தில் இயங்கும் ஒலிபெருக்கியை ஆளுக்கு ஐம்பது அடி தூக்கினார்கள். இரண்டாவது திருப்பத்தில் செஃபெரினோவின் சப்பாத்து கால்களைக் கடித்தது. கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். அதெரித்து ட்ரம்மை நெஞ்சில் கட்டிக்கொண்டு முழங்காலில் தவழத் தொடங்கினார். எழும்ப முடியாமற் போனதால்தான் அப்படி.

பின்னால் வந்த தவராசா என்பவர் அவர்களைக் கண்டு நின்றார். அவர் ஒரு வைத்தியசாலையில் துப்புரவு வேலை செய்பவர், மகளின் பள்ளிக்கூடச் சோதனைக்காக ஏழு ஞாயிறு ஏறுவதாக நேர்ந்திருந்தார். “பாவம், கடும் நேர்த்தி போலை கிடக்கு” என்று சொல்லி, ஒலிபெருக்கியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். ஒரு பெண் அதெரித்துவின் முழங்காலுக்குத் தைலம் பூசினார். இன்னொருவர் பௌஸ்தாவுக்குச் சோடா கொடுத்தார். சறோஜாவும் அன்று பங்குக் கோயில் ஆட்களோடு வந்திருந்தார். இசைக்குழுவைத் தெரியாதவர்போல் சற்றுத் தள்ளியே நடந்தார்.

குகைக்குள் மெழுகுதிரி வெளிச்சத்தில் புனிதை சிலையாகச் சாய்ந்து கிடந்தாள். பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செஃபெரினோ மூச்சு வாங்க நின்று, பிறகு போர்த்துக்கேயத்தில் அலறத் தொடங்கினார். கடவுளை ஒரு திருடன் என்றார். புனிதர்களை அவனுடைய கணக்கப்பிள்ளைகள் என்றார். வாழ்நாளில் அறிந்த வசை எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் தன் தாய் புற்றுநோயில் கிடந்தபோது எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். அது பாட்டில் இல்லாத வரி.

எல்லோரும் கை கூப்பி நின்றார்கள்.

“என்ன சொல்லுறார்?” என்று தவராசா சறோஜாவைக் கேட்டார்.

“விளங்கேல்லை. முறைப்பாடு போலை.”

“அதுக்குத்தானே எல்லாரும் வாறம்” என்றார் தவராசா. செஃபெரினோ முடித்ததும் வேதக்காரர் “ஆமென்” என்றார்கள். ஒரு கிழவர் வந்து அவருடைய நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். கோயில் பொறுப்பாளர், அடுத்த முறை வரும்போது முன்கூட்டியே சொன்னால் கதிரை ஒழுங்கு செய்யலாம் என்றார்.

இறங்கும் வழியில் செஃபெரினோ ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். எழும்பவில்லை. சறோஜா மற்றவர்களை அனுப்பிவிட்டுப் பக்கத்தில் இருந்தார். பையில் இருந்த கடலை வடையைக் கொடுத்தார். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டும்போல் இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாததால், கணவருக்குக்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

சிஞ்ஞோரா இஞ்ஞாசியா பின்னேரங்களில் சறோஜாவை நினெத்தா என்று கூப்பிடுவாராம். நினெத்தா அவருடைய தங்கச்சி. செத்து ஐம்பது வருடமாகிறது. தங்கச்சியின் கலியாணத்துக்குச் சிஞ்ஞோரா போகவில்லை. ஏதோ வீம்பு. “நினெத்தா, என்னிலை இன்னும் கோவமோ?” என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். “இல்லை அக்கா, கோவமில்லை” என்று சறோஜா சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் சூப் குடிப்பார்.

“செத்த மனிசிக்குப் பதிலா நான் மன்னிக்கிறது சரியோ தெரியாது. குருவானவரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலையும் இதை நான் சொல்லேல்லை” என்றார் சறோஜா.

செஃபெரினோ வடையைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழும்பினார்.

தை மாதக் கடைசியில் பகேரியாவில், ஒரு பழைய வில்லாவின் முற்றத்தில், பின்னேர நிகழ்ச்சி இருந்தது. சறோஜாவும் ஜெனுஷாவும் ரயிலில் போனார்கள். முன்வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நாலாவதாக ஒரு புதிய பாட்டு. கிற்றார் மெதுவாக வாசிக்க, ட்ரம்ஸ் இல்லாமல், செஃபெரினோ கத்தாமல், இத்தாலியனில் பாடினார். அதன் பெயர் ‘நினெத்தா’. கலியாணம், வீம்பு, சூப் எல்லாம் அதில் இருந்தன. மூன்றாம் மாடியும் இருந்தது. முற்றம் முழுக்க அழுதது. முதுகில் மண்டையோடு பச்சை குத்திய ஒருவன் தன் தாய்க்குத் தொலைபேசி எடுத்தான். ஜெனுஷாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. அம்மா அடுத்த ரயிலில் தனியாகப் பலெர்மோவுக்குப் போய்விட்டார்.

இசை நிறுவனம் உடனே அந்தப் பாட்டை வெளியிட நாள் குறித்தது. இதற்குச் சறோஜா எழுதப்போகும் முறைப்பாடு நீளமாக இருக்கும் என்று குழு காத்திருந்தது. ஒரு நாள் போயிற்று, மூன்று நாள் போயிற்று. பத்து நாளாகியும் தாள் ஒன்றும் வரவில்லை. படியில் எதிர்ப்பட்டால் சறோஜா வழமைபோல் தலையசைத்துவிட்டுப் போனார். பதினோராம் நாள் செஃபெரினோ மூன்றாம் மாடிக்கு ஏறி மணியை அடித்தார்.

“எழுதுங்கள். எவ்வளவு கேவலமாகவும் எழுதுங்கள்” என்றார்.

“என்னத்தை எழுதிறது? மேளம் பிந்தினா எழுதலாம்.”

“என்மேல் கோபமா?”

சறோஜா கதவின் பிடியைப் பிடித்தார். “உங்களுக்கு ஏதோ துக்கம் எண்டு நினைச்சுத்தான் சொன்னனான்” என்றார். உள்ளேயிருந்து நினெத்தா என்று குரல் கேட்டது. “வாறன்” என்று பதில் சொல்லிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

செஃபெரினோ கீழே வந்து மேடைப் பலகையில் படுத்துவிட்டார். பௌஸ்தாதான் பேசினார். “முப்பத்தெட்டு வருடமாக யாரையாவது நோகடிக்க வேண்டும் என்று அலைந்தோம். இப்போது நோகடித்துவிட்டோம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.”

மன்னிப்புக் கேட்பதா என்று மூவரும் வாக்கெடுத்தார்கள். அதெரித்து எதிர்த்தார். சிறையில் கூடக் கேட்காததை இப்போது கேட்பதா என்றார். இரண்டுக்கு ஒன்று. ‘நினெத்தா’வை வெளியிடுவதில்லை என்றும், ஒரு பெண் நம்பிச் சொன்னதைச் சந்தையில் விற்றதற்கு மன்னிப்புக் கேட்கிறோம் என்றும் போர்த்துக்கேயத்தில், இத்தாலியனில், தமிழில் எழுதித் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டார்கள். தமிழை ஜெனுஷா எழுதினாள்.

அச்சிட்ட தாளைச் செஃபெரினோ மேலே கொண்டுபோனார். சறோஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்.

“‘மண்ணிப்பு’ எண்டு கிடக்கு. இரண்டு சுழி ‘ன்’ வரவேணும்” என்று பேனாவால் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் போர்த்துக்கல்லில் நெருப்புப் பிடித்துவிட்டது. ஆயரின் பற்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டது என்ற செய்தி காலைப் பத்திரிகைகளில் வந்தது. வங்கி முகாமையாளர்கள் பழைய தோல் மேலங்கியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வீதிக்கு வந்து இசைத்தட்டுகளை எரித்தார்கள். போர்த்தோவில் ஓர் ஆசிரியர் சங்கம் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. மூன்று வானொலிகள் அவர்களுடைய எல்லாப் பாட்டுகளையும் நிறுத்தின. நாட்டின் மிகப் பெரிய பங்க் விழாக் குழு, இவர்கள் இனி எங்கள் மேடையில் கால்வைக்க முடியாது என்று கடிதம் அனுப்பியது. மிலானோ நிறுவனமும் விலகியது. “துரோகிகள்” என்று யாரோ அவர்களுடைய பழைய தொழிற்சாலைச் சுவரில் எட்டடி உயரத்தில் எழுதியிருந்தார்கள்.

செஃபெரினோ அந்தச் சுவரின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “இதை நாங்கள் திட்டம் போட்டுச் செய்யவில்லையே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதெரித்து தலைக்கவசத்தைத் துடைத்தார். பௌஸ்தா அன்று பின்னேரமே வானுக்கு எரிபொருள் நிரப்பிவிட்டார்.

பங்குனியில் புறப்பட்டார்கள். சொந்த ஊரின் மீன் சந்தைத் திடலில், யாரும் அழைக்காமலே, பகல் பன்னிரண்டு மணிக்கு மேடை போட்டார்கள். ஆறாயிரம் பேர் திட்டுவதற்காகவே வந்தார்கள். பாடகர் வாய் திறக்கும் முன்னமே பழுதான மத்தி மீன்கள் பறந்து வந்தன. பிறகு தோடம்பழம். பிறகு ஒரு சப்பாத்து. குழு ஒன்றேகால் மணி நேரம் நிற்காமல் பாடியது. இடையில் செஃபெரினோ இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டார். சனம் மேடையை உடைத்தது.

அதன் காணொளியை ஜெனுஷா தாய்க்கு அனுப்பினாள். சறோஜா சிஞ்ஞோராவுக்குச் சியாகுல்லி ஊரின் மண்டரின் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைக்க, இரண்டு பேரும் பார்த்தார்கள்.

“யார் இந்த மனிதன்? ஏன் இவனுக்கு மீனால் எறிகிறார்கள்?” என்று சிஞ்ஞோரா கேட்டார்.

“எங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தான்” என்றார் சறோஜா.

அடுத்த நாள் காலை செஃபெரினோவே அழைத்தார். திரையில் அவருடைய இடப் புருவத்துக்கு மேல் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. கண் வீங்கியிருந்தது. மூன்று நகரங்கள் தங்களைத் தடைசெய்துவிட்டன, நாலாவது யோசிக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன்மேல் இன்னும் வருத்தம் இருக்கிறதா என்று கேட்டார்.

சறோஜா திரையை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“எத்தினை தையல்?”

“மூன்று.”

“தண்ணி படாமல் பாருங்கோ” என்றார். சிஞ்ஞோராவுக்கு முழுக்கு நாள். கைபேசியை வைத்துவிட்டு வெந்நீர் நிறைந்துவிட்டதா என்று பார்க்கக் குளியலறைக்குப் போனார்.